மார்கழியில் பூட்டாத டயர்

என் கணவர் நிரூபன் லண்டனில் சுரங்க ரயில் ஓட்டுகிறவர். ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது. தண்டவாளம் எந்தப் பக்கம் வளைகிறதோ வண்டியும் அந்தப் பக்கம் வளையும். இவர் ஓடவிட வேண்டும், நிறுத்த வேண்டும், கதவைத் திறந்து மூட வேண்டும். வருடக்கணக்காக இப்படி இருட்டுக்குள் போய்வந்த மனிதருக்கு நாற்பத்தைந்து வயதில் ஸ்டியரிங் மேல் மோகம் பிறந்தது. அந்த வயதில் மற்ற ஆண்களுக்குச் சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை வியாதி, வரும். எங்கள் வீட்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது.

சிவப்புக் கார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இரண்டே இரண்டு சீட். எங்கள் வீட்டில் நாங்கள் இருவர், பெண்பிள்ளைகள் இருவர்.

"மற்ற ரெண்டு பேரும் எங்கை இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தானே வீட்டுக் கார் நிக்குது. இது எனக்கு" என்றார்.

கோயிலுக்குக் கொண்டுபோய், நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, கண்ணாடியில் கறுப்புக் கயிறு கட்டி, முன்பக்கம் சந்தனப் பொட்டும் வைத்த பிறகுதான் அதை ஓட்டத் தொடங்கினார். நான் வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தால் "இந்தக் காலத்திலையும் இதெல்லாமோ?" என்று சிரிக்கிற அதே மனிதர்தான். எனக்கு ஒரு சாத்திரம், காருக்கு ஒரு சாத்திரம்.

சேலை கட்டிக்கொண்டு அந்தக் காரில் ஏறுவதைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன். ஏறுவது கூடப் பரவாயில்லை, தொப்பென்று விழுந்துவிடலாம். இறங்கும்போதுதான் மானம் போகும். குட்மேய்ஸில் எங்கள் தெருவில் இருக்கிறவர்கள் எல்லோரும் நான் அந்தக் காரில் இருந்து எழும்பி வருவதைப் பார்த்திருக்கிறார்கள். இவர் மட்டும் பார்த்ததில்லை. இவர் அப்போது பம்பரில் தூசி தட்டிக்கொண்டு நிற்பார்.

வாங்கிய முதல் குளிர்காலத்திலேயே எனக்குப் பாடம் நடத்தினார். சாதாரணக் காரை முன்சில்லு இழுத்துக்கொண்டு போகுமாம். இந்தக் காரைப் பின்சில்லு தள்ளிக்கொண்டு போகுமாம். அதுதான் இதன் சிறப்பாம். எனக்கு விளங்கியது வேறு. முன்னுக்கு நின்று இழுக்கிறவன் வழியைப் பார்ப்பான். பின்னுக்கு நின்று தள்ளுகிறவனுக்கு எதிரில் கிடங்கு இருந்தால்கூடத் தெரியாது. இதைச் சொன்னதற்கு "உமக்கு மெக்கானிக்ஸ் விளங்காது" என்றார்.

யாருடைய பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் ஆண்கள் நிற்கிற மூலையில் இவருடைய பிரசங்கம் நடக்கும். "ஸ்னோவிலை பின்சில்லுக் கார் ஓடுறது ஒரு கலை" என்று தொடங்குவார். "முதலாம் கியரிலை எடுக்கப்படாது, ரெண்டாம் கியரிலை எடுக்கவேணும். காலுக்கும் அக்சிலேற்றருக்கும் நடுவிலை ஒரு முட்டை இருக்கெண்டு நினையுங்கோ, உடையப்படாது. பிறேக்கைக் குத்தப்படாது. தூரத்திலேயே காலை எடுத்து, கியரைக் குறைச்சு, வண்டியைத் தானா அடங்கவிடவேணும். பின்பக்கம் சறுக்கினால் பயந்து மற்றப்பக்கம் வெட்டக்கூடாது, சறுக்கிற பக்கத்துக்கே ஸ்ரேறிங்கைக் குடுக்கவேணும். பின்பக்கத்துக்குக் கொஞ்சம் பாரமும் வேணும்." கடைசியில் விரலை உயர்த்துவார். "எல்லாத்துக்கும் மேலை, வின்ரர் ரயர். அது இல்லாட்டில் மேலை சொன்னது ஒண்டும் சரிவராது."

அத்தனையும் சரிதான். நான் மறுக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம், அதுதான் என் வழக்கு.

போன கார்த்திகையில் குளிர்கால டயர் நாலும் வீட்டுக்கு வந்திறங்கின. வந்த அன்றைக்கே பக்கத்து ஊரான பார்க்கிங்கில் இருக்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோயிருந்தால் அரைமணி நேர வேலை. இவருக்கு ஷிப்ட் மாறியது, பிறகு தும்மலும் தடிமனும் வந்தது, பிறகு மார்கழி பிறந்தது.

"மார்கழியிலை புதுச் சாமான் பாவிக்கத் தொடங்கப்படாது" என்றார்.

நான் காதில் விழுந்ததை நம்பாமல் மறுபடி கேட்டேன். "ரயருக்கு என்னப்பா மார்கழி? அது குளிருக்குப் போடுற ரயர். குளிர் வாறதே மார்கழியிலைதானே?"

"ஒரு நல்ல சாமானைப் பீடை மாதத்திலை பூட்டி, பிறகு ஒண்டெண்டால் ஒண்டு நடந்தால்? தை பிறக்கட்டும்."

தை பிறந்தது. முதல் கிழமை முழுக்க வேலை. அடுத்து வந்த லீவு செவ்வாய்க்கிழமை, ஆகாது. அதற்கடுத்தது அட்டமி. அதற்கடுத்த நாள் நல்ல நாள்தான், மெக்கானிக்குக்கு லீவு. நாலு டயரும் எங்கள் வீட்டு வாசல் நடையில், ஒன்றின்மேல் ஒன்றாக, மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் மாதிரி மௌனமாக இருந்தன. வருகிறவர் போகிறவர் எல்லாம் அதற்கு மேல் கோட்டைக் கழற்றிப் போட்டார்கள். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவர்கள் உண்டு. இவர் நெய்யையே கையில் வைத்துக்கொண்டு நல்ல நேரம் பார்த்தார்.

இந்த இடத்தில் என் தம்பி சஞ்சயனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் தனியாக லண்டனுக்கு வந்து இறங்கும்போது மீசை அரும்பவில்லை. நான் அப்போதுதான் கல்யாணமாகி வந்திருந்தேன். அவனுக்குச் சோறு போட்டு, பள்ளிக்கூடம் சேர்த்து, விசா வழக்குக்கு வக்கீல் வீட்டு வாசலில் காத்திருந்து வளர்த்தவள் நான். இவரும் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். அப்பா இல்லை. அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து வர விசா கிடைக்கவில்லை. ஆகவே தம்பிக்கு ஹம்சினி என்ற நல்ல பிள்ளை சரிவந்து, தை மாதக் கடைசியில் கல்யாணம் என்று முடிவானபோது தாயும் நான்தான், தோழியும் நான்தான்.

எங்கள் கல்யாணத்தில் தோழி என்றால் மாப்பிள்ளையின் சகோதரி. கூறைச்சேலையையும் தாலியையும் தட்டில் ஏந்திக்கொண்டு மண்டபத்துக்குப் போவது அவள் வேலை. தம்பி தாலி கட்டும்போது பெண்ணின் பின்னால் நின்று, கூந்தலை ஒதுக்கிப் பிடித்து, பூட்டுகிற கைக்குத் துணை கொடுப்பதும் அவள்தான். வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்கிய நாளில் இருந்து நான் அந்த ஒரு நிமிடத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா நிற்க வேண்டிய இடத்துக்கும் சேர்த்து நான் நிற்கப்போகிறேன் என்று நினைத்தேன்.

தாலியும் கூறையும் எங்கள் வீட்டுச் சாமியறையில் இருந்தன. வீட்டுக் காரைத் தம்பி முதல்நாளே சாமான் ஏற்றக் கொண்டுபோய்விட்டான். பிள்ளைகளும் அவனோடு பார்க்கிங்கில் இருக்கிற அவன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அம்மாவுக்கு வீடியோவில் காட்ட வேண்டும் என்று என் போனையும் மூத்தவள் கொண்டுபோனாள். எங்களை ஏற்ற வான் அனுப்புகிறேன் என்று தம்பி சொன்னான். இவர் விடவில்லை.

"தாலி போற கார் ஒரு வடிவா இருக்கவேண்டாமோ? நான் கொண்டுவாறன்."

கல்யாணத்தன்று காலையில் யன்னல் திரையை விலக்கினேன். தெரு முழுக்க வெள்ளை. இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"இப்பவாவது வானுக்குச் சொல்லுங்கோ" என்றேன்.

இவருடைய முகத்தில் கவலை இல்லை, மகிழ்ச்சி இருந்தது. பிரசங்கம் செய்ததெல்லாம் செய்து காட்ட ஒரு நாள் கிடைத்துவிட்டது அல்லவா?

"பதறாதையும். வான்காரன் ஆர் எவனோ. எனக்கு இதுதான் தெரியும்."

"ரயர் நடையிலை கிடக்கு."

"வெய்யிலுக்குப் போட்ட சமர் ரயரிலையும் ஓடலாம், ஓடத் தெரிஞ்சால்."

"பின்பக்கத்துக்குப் பாரம் வேணுமெண்டு சொல்லுவியளே?"

என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். "நீர் இருக்கிறீர்தானே."

பட்டுச்சேலையோடு, மடியில் தாலித்தட்டோடு, அந்தத் தரைச் சீட்டில் விழுந்தேன். தட்டில் அரிசி பரப்பி, அதன்மேல் கூறை, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தாலிப்பெட்டி எல்லாம் அழகாக அடுக்கியிருந்தேன். சீட் பெல்ட்டைத் தட்டுக்குக் கீழால் போடுவதா மேலால் போடுவதா என்பதற்கே ஒரு சண்டை நடந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும். பெரிய ரோட்டில் இவர் நன்றாகத்தான் ஓட்டினார். பனி உருகக் கவுன்சில் உப்புப் போட்டிருந்தது. முன்னால் போகிற வாகனத்துக்கு வேண்டிய அளவு இடைவெளி விட்டார். ரவுண்டபோட்டில் சுற்றித் திரும்பும்போது பின்பக்கம் ஒருமுறை வாலாட்டியது. சொன்னபடியே மெதுவாக ஸ்டியரிங்கைக் கொடுத்து நேராக்கினார். "பாத்தீரே?" என்றார். நான் தாலிப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றேன்.

மண்டபம் சிங்ஃபோர்ட் பக்கம், ஒரு மேட்டின் தலையில் இருந்தது. மேட்டுத் தெருவில் உப்பு இல்லை. "இதிலை வேகத்தை விடப்படாது, நிண்டால் போச்சு" என்று சொல்லிக்கொண்டே ஏற்றினார். பாதி ஏறிவிட்டோம். மண்டபத்து வாசலில் கட்டிய வாழை எனக்குத் தெரிந்தது. அப்போது எங்களுக்கு முன்னால் போன கார் சறுக்கி நின்றது. இவரும் நிறுத்த வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரத்தில் அந்தக் கார்க்காரன் எப்படியோ இழுத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டான். அவனுடையது முன்சில்லுக் கார்.

இவர் இரண்டாம் கியர் போட்டார். முட்டை உடையாமல் காலை வைத்தார். பின்சில்லு நின்ற இடத்திலேயே சுற்றியது. முதலாம் கியர் போட்டார். சுற்றியது. ஏதோ பொத்தானை அமத்தினார். இன்னும் சத்தமாகச் சுற்றியது. பிறகு கார் எங்களைக் கேட்காமலே மெல்லப் பின்னால் போய், குண்டியைத் திருப்பி, நடைபாதைக் கல்லில் இடித்துக்கொண்டு நின்றது.

அந்த நேரம் காரின் ஸ்பீக்கரில் தம்பியின் குரல் வந்தது. "அத்தான், எங்கை நிக்கிறியள்? ஐயர் கூறைத்தட்டைக் கேக்கிறார்."

"இந்தா வந்திட்டம், வந்திட்டம்" என்றார் இவர்.

எங்கள் ஆட்களின் 'வந்திட்டம்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யாராலும் சொல்ல ஏலாது. வாசலில் செருப்பைக் கழற்றுகிறவனும் அதைத்தான் சொல்வான், குளியலறையில் தலைக்குத் தண்ணீர் வார்க்கிறவனும் அதைத்தான் சொல்வான். எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் மணவறையில் தலைப்பாகையோடு இருக்கிறவன் பாவம், நம்பிவிட்டான். "தம்பி, வரேல்லையடா, மேட்டடியிலை நிக்கிறம், ஆரையும் அனுப்பு" என்று நான் கத்தினேன். அதற்குள் இவர் கட் பண்ணிவிட்டார்.

"ஏன் கட் பண்ணினீங்கள்? போனைத் தாங்கோ."

"சும்மா சனத்தைக் குழப்பாதையும். ரெண்டு நிமிசத்திலை ஏத்திப்போடுவன்."

போனின் சத்தத்தை அடக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் பின்னால் போனார். காலால் பனியை விலக்கினார். காரின் கால்மிதி இரண்டையும் எடுத்துச் சில்லுக்கு அடியில் செருகினார். வந்து சீட்டில் இருந்து ஓட்டினார். ஒரு கால்மிதி பறந்துபோய் யாருடையவோ வேலிக்குள் விழுந்தது. மறுபடி இறங்கினார், மறுபடி ஏறினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. முகூர்த்தம் முடிய எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனால் இவருடைய கண்ணில் இப்போது கல்யாணம் இல்லை, பின்சில்லு மட்டும்தான் இருந்தது.

கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டினார். பார்வை என் மடிக்குப் போனது.

"றூபினி, அந்த அரிசியிலை ரெண்டு பிடி தாரும்."

"எந்த அரிசி?"

"தட்டிலை கிடக்கிறது. சில்லுக்குக் கீழை போட்டால் பிடிக்கும். மணல் மாதிரித்தானே."

டயருக்கு மார்கழி பார்த்த மனிதர். அட்டமி பார்த்த மனிதர். தாலிக்கு அடியில் பரப்பிய அரிசியைச் சில்லுக்குக் கீழே கேட்கிறார்.

"என்ரை தம்பியின்ரை தாலித்தட்டு இது!" என்று நான் கத்தியது அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். "உங்கடை கார் ஏறினால் என்ன, கிடந்து உக்கினால் என்ன!"

அந்தச் சீட்டில் இருந்து எதையும் பிடிக்காமல் நான் எழும்பிய ஒரே நாள் அதுதான். தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினேன். காலில் தங்க நிறச் செருப்பு. மூன்று அடி வைத்தால் ஒரு அடி வழுக்கியது. சேலைக்கரை நனைந்து காலைச் சுற்றியது. "றூபினி, இரும், இந்தா ஏறப்போகுது!" என்று பின்னால் இவர் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. தன் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஓடிவந்து கை நீட்டினார். கொடுக்க எனக்குக் கை இல்லை. அவர் மண்வெட்டியோடு எனக்கு முன்னால் வழித்துக்கொண்டே கொஞ்சத் தூரம் வந்தார். அவருக்கு என்ன கொண்டுபோகிறேன் என்று தெரியாது, அவசரம் என்று மட்டும் தெரிந்தது. எனக்குத் தாலி கட்டிய மனிதருக்கு அது தெரியவில்லையே என்று அழுகை வந்தது. அழுதுகொண்டே ஏறினேன்.

மண்டபத்து வாசலுக்கு வந்துவிட்டேன். நிறைகுடம் வைத்திருந்தார்கள். கதவைத் தோளால் தள்ளப் போகிறேன், உள்ளே கெட்டிமேளம் கொட்டியது.

தாலி என் கையில் இருக்கிறது. உள்ளே கெட்டிமேளம் கேட்கிறது. ஏதோ பிழையாகக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

நான் உள்ளே போகும்போது எல்லோரும் மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போட்டு முடித்திருந்தார்கள். ஐயர் முகூர்த்தம் தப்பக் கூடாது என்று மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். தம்பி அதைத்தான் கட்டியிருக்கிறான். ஹம்சினியின் பின்னால், நான் நிற்க வேண்டிய இடத்தில், பெண் வீட்டுப் பெரியம்மா ஒருவர் நின்றார். பாவம், அவர்மேல் என்ன குற்றம்? என்னைக் கண்டதும் அவசரமாக விலகினார்.

தம்பி என் நனைந்த சேலையைப் பார்த்தான். "அக்கா, வந்திட்டம் எண்டு அத்தான் சொன்னபடியால்தான் நான் ஒருத்தரையும் அனுப்பேல்லை. பிறகு எத்தினைதரம் அடிச்சனான், ஒருத்தரும் எடுக்கேல்லை" என்றான். ஹம்சினி என் கையைப் பிடித்து, "மச்சாள், கை ஐசாக் கிடக்கு, முதல்லை இருங்கோ" என்றாள். தாலியைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நல்ல நேரத்தில் போடலாம், சாத்திரத்தில் இடம் இருக்கிறது என்று ஐயர் ஆறுதல் சொன்னார். இடம் இருக்கும். கெட்டிமேளம் இரண்டாம் தரம் கொட்டுமா?

யன்னலால் பார்த்தேன். கவுன்சிலின் உப்பு லொறி மெதுவாக மேட்டில் ஏறி வந்தது. அதற்குப் பின்னால், வாத்துக்குப் பின்னால் குஞ்சு போல, சிவப்புக் கார்.

இவர் தலையில் பனியோடு, வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். "ஏறிட்டுது றூபினி! ஒரு கீறல் இல்லை!" என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதர். பிறகு ஹம்சினியின் கழுத்தைக் கண்டார், மஞ்சள் கயிற்றைக் கண்டார், என் முகத்தைக் கண்டார். பல் மறைந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஆண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணை, இந்த ஸ்னோவுக்கை பின்சில்லுக் காரை எப்பிடி ஏத்தினீங்கள்?" என்று ஒருவன் கேட்டான். இவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "ரெண்டாம் கியரிலைதான் எடுக்கவேணும்" என்று தொடங்கினார். உப்பு லொறியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூத்தவள் என் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். திரையில் அம்மா. பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கதிரையில் இருந்தபடி கல்யாணம் பார்த்திருக்கிறார்.

"பிள்ளை, வடிவாத் தெரிஞ்சுது. தம்பி முடிச்சுப் போட்டது வரைக்கும் பாத்தன். உன்னைத்தான் காணேல்லை. எங்கை நிண்டனீ?"

நடந்ததைச் சொன்னேன். டயரைச் சொன்னேன், மேட்டைச் சொன்னேன், இவர் பனிக்குள் நின்று காரோடு மல்லுக்கட்டியதைச் சொன்னேன். அம்மா நெஞ்சில் கை வைத்துக் கேட்டார்.

"ஐயோ, மருமோன் பாவம். அவ்வளவு குளிருக்கை நிண்டவர். ஏதும் சாப்பிட்டிட்டாரோ?"

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. தட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது. அதை வாங்கி வைக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

"அம்மா, நீங்கள் யாழ்ப்பாணத்திலை இருந்து பாத்திட்டியள்" என்றேன். "நான் வாசலிலை நிண்டும் பாக்கேல்லை."